நாலடித் தொட்டியும் ஒரு பழைய கௌராமியும்

பேசாதீர்கள் சார். பல் பிடுங்கின இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் உள்ளே சொன்னாரா இல்லையா? எச்சில் வந்தால் விழுங்குங்கள், துப்பாதீர்கள். துப்பினால் மறுபடி ரத்தம், மறுபடி பஞ்சு, மறுபடி அரை மணி. போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர் போன் வந்தது என்று வாயைத் திறந்தார். மூன்று பஞ்சு மாற்றினோம். போனில் என்ன சொன்னார் தெரியுமா? "அப்புறம் பேசறேன்" என்றார். அதற்கு மூன்று பஞ்சு.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இந்தக் கண்ணாடியில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கிறதே, அதற்கு நேராக. அப்போதுதான் நான் பேசுவது கேட்கும். நான் இந்த அறைக்குள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இந்தக் கிளினிக்கில் டாக்டருக்கு அடுத்தபடியாகத் தனி அறை எனக்குத்தான். அது எப்படிக் கிடைத்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மீனைத்தானே பார்க்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு. ரெயின்போ மீன் என்று பெயர். அந்தத் தொட்டி முழுக்க முழுக்க என் யோசனை. டாக்டர் குலசேகரன் பல் விஷயத்தில் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை அவர் கட்டாத பல் இல்லை. ஆனால் மீன் விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. மனுஷர்கள் விஷயத்தில் அதைவிடக் குறைவு. அதற்குத்தான் நான் இருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். இந்தக் கதவைத் திறந்த முதல் நாள் முதல் டோக்கன் கொடுத்தவள் நான்தான். ரெஜினா இல்லாமல் இங்கே ஒரு கடைவாய்ப்பல் அசையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் இந்த ஹாலைப் புதுசு பண்ணினார். உள் அலங்காரம் செய்கிற ஒருவர் வந்தார். நோயாளிகளுக்குப் பயம் போக ஒரு மீன் தொட்டி வைக்கலாம் என்றார். நல்லதுதான். ஆனால் அவர் வைத்தது என்ன? ஒரு தூண். அடிப்பக்கம் ஓர் அடிக்கு ஓர் அடி, உயரம் நாலடி. கண்ணாடித் தூணுக்குள் தண்ணீர். அதில் ரெண்டு ரெயின்போ, ஒரு குண்டு தங்கமீன், ஒரு சண்டை மீன், ஒரு மஞ்சள் கௌராமி. ஒவ்வொரு ஜாதியிலும் அழகாக ஒன்று ரெண்டு எடுத்தாராம். கல்யாணத்துக்குப் பழத்தட்டு அடுக்குகிற மாதிரி.

நான் பார்த்ததும் சொன்னேன், இது சரியில்லை என்று. அப்போது எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் சொன்னேன். எது புதுசாக வந்தாலும் முதலில் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட வேண்டும். பின்னால் சரியில்லாமல் போனால் நம் பேச்சு நிற்கும்.

சரியில்லாமல்தான் போனது. இரை போட்டால் ரெயின்போ ரெண்டும் கண்மூடித் திறப்பதற்குள் தின்றுவிடும். தங்கமீன் ஆடி அசைந்து மேலே வந்து சேரும்போது ஒன்றும் இருக்காது. மிச்சம் மீதி இருந்தால் அந்தக் கௌராமி வழிமறித்து நிற்கும். சண்டை மீன் என்று பெயர்தான், அதன் வால் கந்தல் துணியாகிவிட்டது. ரெயின்போ ரெண்டில் பெரியது சின்னதைத் துரத்தும். மேலே போய்க் கீழே வந்து, மேலே போய்க் கீழே வந்து, லிப்ட் மாதிரி. ஒரு திங்கட்கிழமை காலை கிளினிக்கைத் திறக்கிறேன், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்னது காய்ந்து கிடக்கிறது. மூடியில் ரெண்டு விரல் இடைவெளி இருந்தது. அது வழியாகக் குதித்திருக்கிறது.

அதே வாரம்தான் கோமளாவும் வேலையை விட்டுப் போனாள். எனக்கு உதவிக்கு இருந்த பெண். ஆறு மாதம் இருந்தாள். ஒன்றும் சண்டை இல்லை. அவள் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். ரெண்டு மூன்று நோயாளிகள் இருக்கும்போதுதான் சொன்னேன், சாட்சி வேண்டுமல்லவா? அவள் ஸ்டூலைக் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டேன், காற்று எனக்கு வரவில்லை என்று. அழுதுகொண்டே போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது சார்.

ம்? ஏதோ சொல்ல வந்தீர்கள். வேண்டாம், பஞ்சு.

மீன் செத்ததும் நான் பாலக்கரையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிற இதயத்துல்லா பாயிடம் போனேன். தொட்டி, மீன், எல்லாவற்றையும் சொன்னேன். மனுஷர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெயின்போ எத்தனை வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு. இப்ப ஒண்ணு."

"ரெண்டா? பஸ்ல ரெண்டு பேர் சீட்டா இது? ஆறுக்குக் குறையக் கூடாதும்மா. கூட்டமா இருந்தா கோபம் பங்காயிடும். ரெண்டே ரெண்டு இருந்தா ஒண்ணு அடிக்கும், ஒண்ணு அடி வாங்கும். அதுங்களுக்கு வேற என்ன வேலை?"

"டாக்டர் தொட்டியில நூறு லிட்டர் தண்ணி பிடிக்குதுன்னார் பாய்."

"கிணத்துல அதைவிட நிறைய பிடிக்கும். அதுக்காக கிணத்துக்குள்ள ஓட்டப் பந்தயம் வைப்பீங்களா? இது நீளவாக்குல பாயற மீன். நாலடி நீளம் வேணும். உசரம் ஒன்றரை அடி போதும். மேல மூடி, இடைவெளியே இல்லாம."

"கூட என்ன விடலாம்?"

"வேகமா இருக்கணும், இல்லேன்னா வேற மாடியில குடியிருக்கணும். இது நடுவுலயும் மேலயும் சுத்தும். கீழ தரையைக் கூட்டிக்கிட்டுத் திரிய கோரி மீன் ஆறு விடுங்க. ஒண்ணோட வழியில ஒண்ணு வராது. மெதுவா சாப்பிடறதை விடாதீங்க, பட்டினியில போயிடும். நீளத் தோகை இருக்கறதை விடாதீங்க. அடாவடி பண்றதை விடவே விடாதீங்க."

நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். திருச்சி தண்ணீர் ஒத்துக்கொள்கிற ஒரு ஜீவனை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

எல்லாவற்றையும் டோக்கன் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்து டாக்டரிடம் நீட்டினேன். "இடம் குறைஞ்சா நல்ல மீனும் கடிக்கும் டாக்டர்" என்றேன். அவர் அட்டையைப் படித்தார். சுவரை எல்லாம் பார்த்தார். வெயில் படாமல், பிளக் பக்கத்தில், நாலடி நீளத்துக்கு இந்த ஹாலில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. என் மேஜை இருந்த சுவர்.

அது அஞ்சடி தேக்கு மேஜை சார். மூன்று இழுப்பறை. அதைத் தச்சர் அறுத்து மூன்றடி ஆக்கினார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கிளினிக்கில் ஒருத்தி மீனுக்காக மேஜையைக் கொடுப்பாள்? எட்டு ரெயின்போ வந்தது, மூன்று ஆண், அஞ்சு பெண். ஆறு கோரி வந்தது. தங்கமீனும் சண்டை மீனும் அதற்கு முன்பே பரலோகம் போய்ச் சேர்ந்திருந்தன. தனியாக இருந்த அந்த ரெயின்போவை பாய் எடுத்துப் போய்த் தன் கடைக் கூட்டத்தில் விட்டுக்கொண்டார்.

கௌராமி மட்டும் இருந்தது. பாய் அதையும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் விடவில்லை. முதல் நாளிலிருந்து இருக்கிற மீன். அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் அதற்கு "தலைவர்" என்று பெயர்கூட வைத்திருந்தேன். பாய் தலையைச் சொறிந்துகொண்டு, "அது சாதுவா இருந்தா இருக்கட்டும்" என்றார். சாது என்று நான் கையெழுத்துப் போடாத குறையாகச் சொன்னேன்.

கீழே கோரி மீன்களுக்கு நடுவில் ஒரு பல் செட்டு தெரிகிறதா? அது நிஜப் பல் செட்டு. அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வாங்க வரவேயில்லை. வீணாகிறதே என்று நான்தான் உள்ளே போட்டேன். அது என்னவோ கோரி மீன்களுக்குப் பிடித்துப்போயிற்று, மேல்வரிசைக்கு அடியில் தூங்கும். இதில் வேடிக்கை, அடுத்த வருஷம் அந்தத் தாசில்தாரே வந்து நின்றார். மகன் வீட்டில் அமெரிக்காவில் இருந்தாராம். எடுத்து நன்றாகக் கழுவிக் கொடுத்தோம். கச்சிதமாகப் பொருந்துகிறது என்று வாயெல்லாம் பல்லாகப் போனார். இப்போது இருப்பது வேறொருவருடையது. அவரும் எப்போது வருவாரோ.

கதையை விட்டுவிட்டேனே. மேஜை மூன்றடி ஆனபிறகு எனக்கு உதவிக்கு ஜெனிட்டா என்று ஒருத்தி வந்தாள். நாலு மாதம். அடுத்து ஒருத்தி, பெயர் நினைவில்லை, பதினோரு நாள். சாப்பாட்டு நேரம் போனவள் திரும்பவில்லை. டப்பாவைக்கூட எடுக்கவில்லை.

அன்றைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கையுறையைக் கழற்றினார். அவர் கையுறையைக் கழற்றிப் பேசினால் விஷயம் பெரிசு.

"ரெஜினாம்மா, இனிமே ஒரு பொண்ணு போனா, நான் பொண்ணை மாத்த மாட்டேன்."

எனக்குத் திக்கென்றது. இனிமேல் ஆளே போட மாட்டாராம், எல்லா வேலையும் என் தலையில்தானாம். ஐம்பத்தாறு வயதில் நான் ஒருத்தியே டோக்கன், போன், எக்ஸ்ரே கவர் எல்லாம் பார்க்க முடியுமா? எனவே அடுத்து வருகிறவளை எப்படியாவது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

அடுத்து வந்தவள்தான் தில்ஷாத். அதோ, தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் இருக்கிறாளே, அவள்தான். வந்த அன்றே "அக்கா" என்றாள். "மேடம்" என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். சத்தமே வராது. டோக்கன் எழுதுவது அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் குறை சொல்ல முடியவில்லை என்பதால் பேனாவை மாற்றச் சொன்னேன். டீ வந்தால் முதல் டம்ளர் நான் எடுப்பேன், பிஸ்கட்டும் என் இழுப்பறையில்தான் இருக்கும். அது முறை. நோயாளிகள் வந்தால் அவள் எழுந்து பேசுவதற்கு முன் நான் பேசிவிடுவேன். அவளுக்குச் சிரமம் வேண்டாமே என்று. இத்தனை செய்தும் பாருங்கள், ஆட்கள் வந்ததும் "அந்தப் பொண்ணு இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் இருக்கிறேன், கண்ணுக்கெதிரே. இருந்தாலும் கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ரெயின்போக்களின் வால் கிழிய ஆரம்பித்தது. நிறமும் மங்கிப்போயிற்று. எட்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும். நாலடித் தொட்டி, நின்றது அரை அடியில். இரை போட்டால்கூட வரப் பயம். ஒரு பெண் மீன் செத்தேபோனது.

எனக்குக் கோரி மீன்கள் மேல்தான் சந்தேகம். யார் வம்புக்கும் போகாமல் கீழேயே பார்த்துக்கொண்டு திரிகிறவர்களை நம்பக் கூடாது.

தில்ஷாத் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "மேடம், கௌராமிதான் கடிக்குது. இரை போடற இடத்துல போய் நின்னுக்குது. யாரையும் விட மாட்டேங்குது. நான் ரெண்டு முனையிலயும் போட்டுப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடி ஓடித் துரத்துது."

"நீ வந்து ரெண்டு மாசம் ஆகல. அதுக்குள்ள பழசு மேல பழியா?" என்றேன். "அது எவ்வளவு வருஷமா இருக்கு தெரியுமா?"

"தெரியும் மேடம்" என்றாள். அவ்வளவுதான். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் அவள் டாக்டர் அறையில் நிற்கிறாள். உள்ளே எச்சில் உறிஞ்சுகிற மெஷின் ஓடாததால் கதவுக்கு வெளியே நன்றாகக் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் நின்னுக்கறேன் டாக்டர். முடியல."

"ஒரு வாரம் பொறும்மா" என்கிறார் அவர்.

பாவம், இளகின மனசு. மீன் சாவதைப் பார்க்க முடியவில்லை அவளுக்கு. ஒரு வாரத்தில் இந்த மீன் விஷயத்தைச் சரிசெய்யாவிட்டால் தில்ஷாத் போய்விடுவாள். அவள் போனால் டாக்டர் சொன்னதைச் செய்துவிடுவார். நான் உடனே பாயைக் கூப்பிட்டேன்.

பாய் வந்தார். இரை போடவில்லை, தண்ணீரைத் தொடவில்லை. தொட்டிக்கு எதிரே, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான், சும்மா உட்கார்ந்தார். டீ வந்தது. முதல் டம்ளரை நான் எடுத்தேன், ரெண்டாவதை அவரிடம் கொடுத்தேன். அரை மணி நேரம் பார்த்தார். தொட்டியையும் பார்த்தார், எங்கள் பக்கமும் அடிக்கடி பார்த்தார். நான் தில்ஷாத்துக்கு எக்ஸ்ரே கவர் எப்படி மடிப்பது என்று நாலாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளிக்குப் பல் கட்டுவது பாதியில் நிற்க, டாக்டரும் வெளியே வந்து பாய்க்குப் பின்னால் நின்றார்.

"உங்க தலைவர்தாம்மா" என்றார் பாய்.

"அது சாது பாய்."

"சாதுதான், தனியா இருக்கறவரைக்கும். முதல்ல வந்ததில்ல? இந்தத் தொட்டியே தன்னோடதுன்னு அதுக்கு நினைப்பு. கெட்டதுன்னு சொல்ல முடியாது. பழக்கம் அப்படி ஆயிடுச்சு."

டாக்டர் கேட்டார், "என்ன பண்ணலாம் பாய்? வெளியே போட்டுடலாமா?"

ஒரு மீன்தான். ஆனாலும் அத்தனை வருஷம் இருந்ததை ஒரே வார்த்தையில் வெளியே போடுவதா? வெளியே போய் அது எங்கே இருக்கும்? வேறெங்கே இருந்து பழக்கம் அதற்கு? நான் வாயைத் திறந்தேன், பேச்சு வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள்தான் எனக்குப் பேச்சு வராமல் போனது.

"வேணாம் சார்" என்றார் பாய். "வயசாயிடுச்சு, புது இடத்துல தாங்காது. ஒரு கண்ணாடித் தடுப்பு போட்டுடுங்க. ஓரத்துல கொஞ்சம் இடம் அதுக்கு மட்டும். எல்லாரையும் பார்க்கலாம், யாரையும் கடிக்க முடியாது."

டாக்டர் தொட்டியைப் பார்த்தார். பிறகு எதற்கோ என்னைப் பார்த்தார். "அதுக்கு வருத்தமா இருக்காதா பாய்?"

"இருக்காது சார். மத்தவங்களைத்தான் அடைச்சு வெச்சிருக்காங்கன்னு அது நினைச்சுக்கும்."

தில்ஷாத் டோக்கன் கட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். இருமல் போலிருக்கிறது, தோள் குலுங்கியது. தண்ணீர் குடி என்றேன்.

அன்று சாயங்காலமே தடுப்புப் போட்டார் பாய். பத்தே நாளில் பார்க்க வேண்டுமே. ரெயின்போ ஏழும் மூலையை விட்டு வெளியே வந்தன. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே பாய்ச்சல். வால் வளர்ந்தது. நீலமும் ஆரஞ்சும் எங்கிருந்து வந்ததோ. கடையில் வாங்கும்போது துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தவை சார் இதெல்லாம்.

அதே பத்து நாளுக்குள்தான் தச்சர் மறுபடி வந்தார். நேராக என் மேஜைக்கு வந்து டேப்பை நீட்டி அளவெடுத்தார். போன தடவை அஞ்சு மூன்றானது. இந்தத் தடவை மூன்று என்ன ஆகும்? நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்தால்தானே எடுப்பார்கள் என்று. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை.

டாக்டர் வந்தார். கையுறையைக் கழற்றியிருந்தார்.

"ரெஜினாம்மா, உங்களுக்குத் தனியா ஒரு கேபின் போடலாம்னு இருக்கேன். கண்ணாடியில. நோயாளிகளோட சத்தம், தும்மல் எதுவும் இருக்காது. போன் மட்டும் நீங்க பாருங்க. டோக்கனைத் தில்ஷாத் பார்த்துக்கட்டும்."

நான் அழுதுவிட்டேன். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மனுஷர் என் அருமையைப் புரிந்துகொண்டார் என்றால் அழ மாட்டேனா? அவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்களை விட்டுட முடியுமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தில்ஷாத்தும் வேலையை விடாமல் இருந்துவிட்டாள். மீன் பிழைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பதினோரு மணிக்கு இந்த ஓட்டைக்குக் கீழே இருக்கிற சந்து வழியாக எனக்கு டீ தருவாள். முதல் டம்ளர் இப்போதும் எனக்குத்தான். வைத்ததும் கையைச் சட்டென்று எடுத்துக்கொள்வாள், அவளுக்கு எதிலும் சுறுசுறுப்பு. தொட்டியில் ஒட்டியிருக்கிறதே, "கண்ணாடியைத் தட்டாதீர்கள்" என்று, அதே மாதிரி இன்னொன்று அழகாக எழுதி என் கேபினிலும் ஒட்டினாள். குழந்தைகள் வந்து தட்டுகிறார்கள் என்று. நல்ல பிள்ளை. வெளியே டோக்கன் ஏதாவது தப்பாகப் போனால் நான்தான் உள்ளேயிருந்து தட்டுவேன். முதல் தடவை அவளுக்குக் கேட்பதில்லை. ரெண்டாவது தடவையும் சில நாள் கேட்பதில்லை.

அரை மணி ஆகிவிட்டது சார். பஞ்சை எடுத்துவிடலாம். அந்தக் கூடையில், அதில்தான். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கக் கூடாது, தையல் பிரிந்துவிடும். மருந்துச் சீட்டைத் தில்ஷாத்திடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? உள்ளே இருக்க மூச்சு முட்டவில்லையா என்றா? நீங்கள் ஒரு நாள் சாயங்காலம் வாருங்கள். கூட்டம் நிறைந்திருக்கும். வாயில் பஞ்சோடு பத்துப் பேர், வரிசையாக, ஒருத்தருக்கும் பேச முடியாது, இங்கிருந்து பார்த்தால் வாய் மட்டும் அசையும்.

பாவமாக இருக்கும் சார், உங்களையெல்லாம் பார்த்தால்.